கை அறிந்த அடுக்களை

பதினேழு ஆண்டுகள் ஓயாது உழைத்த ஒரு பொருள் நின்றுபோகும்போது, அது இயங்கிய காலத்தில் ஒருநாளும் எழாத கேள்விகளெல்லாம் ஒருசேர எழுந்து நிற்கின்றன. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் முதல் வாரத்தில், தில்லி வெயில் தன் முழு வன்மையோடு காய்ந்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், எங்கள் அடுக்களையின் குளிர்பதனப் பெட்டி நின்றது. நின்றதை நாங்கள் அறியவில்லை. எங்கள் அன்னையாரே அறிந்தார். கூடத்தில் அமர்ந்திருந்தவர், "பெட்டி ரொம்ப நேரமா மூச்சு விடலையே, என்னன்னு பாருங்க" என்றார். கதவைத் திறந்து பார்த்தோம். உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் இல்லை.

அன்னையார் என்று சொன்னோம். எங்களுள் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார். முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததில் அந்த வேறுபாடு எங்களுக்கே மறந்துவிட்டது. ஆதலால் இக்கட்டுரையை எங்களுள் எவர் எழுதினார் என்பதும் பெரிதன்று. இருவர் சொல்லும் கலந்ததே இது.

யமுனைக்குக் கிழக்கே, கூட்டுறவு வீட்டுச் சங்கம் ஒன்று கட்டிய அடுக்ககத்தின் மூன்றாம் தளத்தில் எங்கள் வீடு. 2007ஆம் ஆண்டில் அதன் அடுக்களையைப் புதுப்பித்தோம். அப்போது குளிர்பதனப் பெட்டியைத் தனியே ஒரு மூலையில் நிறுத்தாமல், மர அலமாரி வரிசைக்குள்ளேயே அதைப் பதித்து, மற்ற அலமாரிகளுக்கு மாட்டிய அதே மரக்கதவுகளை அதற்கும் மாட்டச் செய்தோம். வீட்டிற்கு வருவோர், "பெட்டி எங்கே?" என்று தேடுவதைக் காண்பதில் எங்களுக்கு அந்நாளில் ஒரு சிறு பெருமை இருந்தது. சாவ்டி பஜாரின் பித்தளைக் கடைகளில் அரைநாள் அலைந்து, எல்லாக் கதவுகளுக்கும் ஒரே வகைக் கைப்பிடியைத் தேர்ந்தெடுத்தவர் அன்னையார். அன்று அவருக்குக் கண் தெரிந்தது.

அதன் பின்னர்க் கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய் அவரைப் பற்றியது. கண்ணின் உள்ளழுத்தம் பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக நலிவிக்கும் நோய் அது. பெரும்பாலும் வலி இராது. பக்கப் பார்வை முதலில் தேய்வதால், நேரே பார்ப்பவருக்குத் தம் இழப்புத் தெரிவதில்லை. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது, இழந்தது மீளாது. அன்னையாரின் இடக்கண் முற்றிலும் அவிந்தது. வலக்கண்ணில் எஞ்சியிருப்பது வெளிச்சமும் நிழலும் மட்டுமே. அந்த வெளிச்சத்தைக் காப்பதற்காக இரவுதோறும் ஒன்பது மணிக்கு ஒரு சொட்டு மருந்து விடுகிறோம்.

ஆயினும் எங்கள் அடுக்களை இன்றும் அவருடையதே. விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, எவரையும் எழுப்பாமல் தாமே சென்று டிக்காக்ஷன் இறக்குவார். தயிருக்கு உறை ஊற்றுவது அவர் பணி. ரசம் வைப்பதை இன்னும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை. இதைக் கண்டு வியப்போர், அவர் பார்வையின்றிச் சமைக்கிறார் என்பர். எங்கள் எண்ணம் வேறு. பார்வை அவர் கைக்கு இடம் மாறியிருக்கிறது.

அந்த இடமாற்றத்திற்கு ஒரு கணக்கு உண்டு. அடுக்களை வாயிற்படியிலிருந்து மூன்று அடி வைத்து வலக்கையை நீட்டினால் ஒரு பித்தளைக் கைப்பிடி அகப்படும். அது குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடி. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. கைப்பிடியை விட்டு ஒரு முழம் தாண்டினால் மேடையின் விளிம்பு. விளிம்பிலிருந்து இரண்டு சாண் சென்றால் காப்பி வடிகட்டி. நான்கு சாண் சென்றால் அடுப்பின் திருகு. தலைக்கு மேல் கை உயர்த்தினால் முதலில் உப்பு, அடுத்துப் புளி, அதற்கடுத்து மிளகாய்ப்பொடி. இந்த வரிசையை எங்கள் வீட்டில் எவரும் மாற்றுவதில்லை. ஒருமுறை விருந்தினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு புட்டிகளைத் துடைத்து அழகாக அடுக்கி வைத்துவிட்டுச் சென்றார். அன்றைய ரசத்தில் புளிக்குப் பதில் பெருங்காயக் கட்டி கரைந்தது. அன்று நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார். ஆனால் அன்று இரவு நெடுநேரம் அவர் உறங்கவில்லை.

இனிப் பெட்டியின் கதைக்கு வருவோம்.

பழுது பார்ப்பவர் வந்தார். எங்களுக்குப் பல்லாண்டுப் பழக்கமானவர். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இருமுறை அவர் வாயு நிரப்பியிருந்தார். இருமுறையும் சில மாதங்களில் அது கசிந்துபோயிற்று. இம்முறை சோதித்துவிட்டுக் கையை விரித்தார். கசிவு வெளிக்குழாயில் இல்லை. பெட்டியின் சுவருக்குள் இருக்கிறது. வெளித்தகட்டுக்கும் உட்சுவருக்கும் இடையே, குளிரைக் காப்பதற்காக ஊற்றி இறுகச் செய்த நுரையினுள் அக்குழாய் புதைந்து கிடக்கிறது. சுவரைப் பிளக்காமல் அதை எட்ட முடியாது. பிளந்தால் பெட்டி பெட்டியாக இராது.

அவர் இன்னொன்றையும் காட்டினார். தனியே நிற்கும் பெட்டி தன் வெப்பத்தைப் பக்கச் சுவர்கள் வழியாகவோ முதுகு வழியாகவோ அறைக்குள் விட்டுவிடுகிறது. அலமாரிக்குள் பதித்த பெட்டிக்கு அந்த வாய்ப்பில்லை. அதற்கு அடியிலே ஒரு காற்றுவாயிலும் உச்சியிலே ஒரு காற்றுவாயிலும் வைத்திருப்பார்கள். கீழே நுழையும் காற்று, முதுகின் வெப்பத்தை ஏந்திக்கொண்டு, புகைபோக்கியில் புகை ஏறுவதுபோல் மேலேறி வெளியேற வேண்டும். எங்கள் பெட்டியின் கீழ்வாயிலில் பதினேழு ஆண்டுத் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. அதனினும் வெட்கப்படத்தக்கது மேல்வாயில். இடம் கிடைத்ததே என்று அதன்மேல் ஒரு கட்டுப் புத்தகத்தை நாங்களே வைத்திருந்தோம். அவிழ்த்துப் பார்த்தால், அத்தனையும் நம் சங்கத்தின் ஆண்டு மலர்கள்! கசிவுக்கு அவை காரணமல்ல என்று பழுது பார்ப்பவர் ஆறுதல் கூறினார். ஆயினும் மூச்சு விட வழியின்றி இரவும் பகலும் இளைத்து ஓடிய இயந்திரத்தின் ஆயுள், அந்த மலர்களால் சற்றேனும் குறைந்திருக்கும் என்பதை அவர் மறுக்கவில்லை.

புதிய பெட்டி வாங்க வேண்டும் என்பது முடிவாயிற்று. அதில் இவ்வளவு இடர்ப்பாடு இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது.

அடுக்களை அமைத்துத் தரும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். இந்த இடத்திற்குப் பொருந்தும் பெட்டி இப்போது கிடைப்பதரிது என்றும், அலமாரிகள் அனைத்தையும் பிரித்தெடுத்துவிட்டுப் புதிய முறையில் அமைப்பதே அறிவுடைமை என்றும், ஆறு வாரத்தில் முடித்துத் தருவதாகவும் கூறினார். பெட்டி எதிர்ச்சுவருக்குப் போகும், அடுப்பு சாளரத்தின் பக்கம் வரும், மேல் அலமாரிகள் கை பட்டதும் தாமே திறக்கும், கைப்பிடிகளே வேண்டியதில்லை. அவர் காட்டிய படங்கள் அழகாகவே இருந்தன. செலவு பல இலட்சம் என்றாலும், சேமிப்பைக் கலைத்தால் இயலாததன்று.

அன்றிரவு நாங்கள் இருவரும் மாடத்தில் நின்று தாழ்ந்த குரலில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டோம். அடுக்களை பழையதாகிவிட்டது என்பது உண்மை. மரக்கதவுகளின் ஓரம் சிதைந்திருந்தது. என்றேனும் ஒருநாள் செய்ய வேண்டியதைத்தானே இன்று செய்யச் சொல்கிறார் என்ற எண்ணமும் எங்களிடம் இருந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. பேசிவிட்டு உள்ளே வந்தபோது, உறங்கிவிட்டார் என்று நாங்கள் நினைத்திருந்த அன்னையார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்காகப் பார்க்காதீங்க. புதுசாவே செஞ்சிடுங்க. நான் கூடத்துல உட்கார்ந்துக்கிறேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேருந்தில் இளையோருக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்பவர்போல் எளிதாகச் சொன்னார். ஆனால் எண்பத்துமூன்று வயதில், பார்வையற்ற ஒருவர் அடுக்களையை விட்டுக் கூடத்தில் உட்கார்வது என்பது ஓர் இருக்கையிலிருந்து இன்னோர் இருக்கைக்கு மாறுவது அன்று. அவர் நாள் முழுதும் செய்யும் சிறு பணிகள் அனைத்தும் ஒரே நாளில் பறிபோகும். அதன்பின் காலைக் காப்பிக்கு அவர் எங்களை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். அவர் மீண்டும் ஓர் அடுக்களையைக் கையால் கற்றுக்கொள்ளப் போதிய ஆண்டுகள் அவரிடம் உண்டோ, அறியோம். மாடத்தில் பேசியதை அத்தோடு விட்டோம். பெட்டி மட்டும் மாறும். அடுக்களை ஒரு விரற்கடையும் மாறாது என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்வது எளிது. குளிர்பதனப் பெட்டி இன்றித் தில்லியின் ஜூனைக் கடப்பது எளிதன்று. காலையும் மாலையும் பால் வாங்கி அவ்வப்போதே தீர்த்தோம். இட்லி மாவை ஒரு வேளைக்கு மட்டும் அரைத்தோம். அதுவும் நான்கு மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. தயிருக்கு அன்னையார் ஒரு வழி சொன்னார். ஒரு பெரிய மண்பானை. அதனுள் ஒரு சிறிய பானை. இரண்டிற்கும் இடையே ஆற்றுமணல். மணலை நனைத்து ஈரத்துணியால் மூடினால், நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் உடன் கொண்டுபோய்விடும். தில்லியின் வறண்ட கோடைக்கு இது மிகவும் ஏற்றது. காற்றில் ஈரமில்லாத வரை அந்தப் பானை எங்களைக் காத்தது.

சொட்டு மருந்துக்குப் பானை போதாது. திறவாத குப்பியை 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டும். திறந்தபின் 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் வைத்து ஆறு வாரத்திற்குள் பயன்படுத்தலாம் என்பது அதன் விதி. எங்கள் வீட்டின் நிழலிலேயே அந்நாட்களில் நாற்பதுக்கு அருகில் இருந்தது. முதல் தளத்தில் வாழும் வங்காள அம்மையார் தம் பெட்டியில் ஒரு தட்டை ஒதுக்கித் தந்தார். இரவுதோறும் ஒன்பது மணிக்கு நாங்கள் இரண்டு தளம் இறங்கிச் சென்று குப்பியை வாங்கி வருவதும், சொட்டு விட்டபின் திரும்பக் கொடுப்பதும் வழக்கமாயிற்று. ஒருநாளும் அவர் கதவைத் திறக்கத் தாமதித்ததில்லை.

இதற்கிடையே அளவெடுத்தோம். எங்களுள் ஒருவர் அளக்க, மற்றவர் எழுதினார். தச்சர் ஒருவர் கற்றுத்தந்தபடி, அகலத்தை மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று இடங்களில் அளந்தோம். ஆழத்தையும் உயரத்தையும் அவ்வாறே அளந்தோம். மூலைக்கு மூலை குறுக்காகவும் நாடா பிடித்தோம். மூன்று அளவும் ஒத்திருந்தால் மட்டும் போதாது. குறுக்களவுகள் இரண்டும் ஒத்திருந்தால்தான் இடம் சதுரமாக இருக்கிறது என்று பொருள். மூன்றில் எது குறைவோ, அதுவே கணக்கில் கொள்ள வேண்டிய அளவு.

அளந்தபின்தான் ஓர் உண்மை விளங்கியது. அலமாரிக்குள் பதிக்கும் பெட்டிகளுக்கென ஐரோப்பியர் நெடுங்காலமாகவே சில அளவுகளைப் பொதுவாக வைத்திருக்கின்றனர். அகலம் 56 சென்டிமீட்டர், ஆழம் 55, உயரத்தில் ஒரு பெருவழக்கு ஏறத்தாழ 178. நிறுவனங்கள் மாறும், உள்ளமைப்புகள் மாறும். அந்தப் பொந்தின் அளவு மாறுவதில்லை. எங்கள் பொந்தும் அதே அளவினது. "பொருந்தும் பெட்டி கிடைப்பதரிது" என்று கூறிய இளைஞர் அளவுநாடாவை விரிக்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தனித்து நிற்கும் சாதாரணப் பெட்டியை உள்ளே தள்ளிவிடலாமே என்று நண்பர்கள் சிலர் கூறினர். அது பொருந்தாது என்பதற்கு இரண்டு காரணங்கள். அகலமே பலவற்றில் 60 சென்டிமீட்டரை நெருங்குகிறது. அகலம் குறைந்ததைத் தேடிப் பிடித்தாலும், இன்றைய பெட்டிகள் பலவற்றின் வெப்பக் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள் ஓடுகின்றன. ஓடும் பெட்டியின் விலாவைத் தொட்டுப் பார்த்தவர்கள் அந்தச் சூட்டை அறிவார்கள். அதை இருபுறமும் மரத்தால் நெருக்கினால், நாங்கள் மலர்களை வைத்துச் செய்த பிழையையே மீண்டும் செய்தவராவோம்.

கீர்த்தி நகருக்கு மூன்று முறை சென்றோம். கடைக்காரர்கள் நட்சத்திரங்களைக் காட்டினர். மின்சாரச் சிக்கனத்தை அறிவிக்கும் நட்சத்திரக் குறியீடு 2006இல் இந்நாட்டில் தொடங்கியது. உறைபனி சேராத பெட்டிகளுக்கு 2010 முதல் அது கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நட்சத்திரங்களை எண்ணுமுன் நாங்கள் சென்டிமீட்டர்களை எண்ண வேண்டியிருந்தது.

எண்ணியதில் மூன்று முடிச்சுகள் அகப்பட்டன. முதலாவது, கதவுகள் பிரியும் கோடு. எங்கள் பெட்டிக்கு மேலே ஒரு கதவு, கீழே உறைநிலை அறைக்கு ஒரு கதவு. மரக்கதவுகளும் அவ்வாறே இரண்டு. மேலது 109 சென்டிமீட்டர், கீழது 68. பெட்டியின் மொத்த உயரம் ஒன்றாயினும், இரு கதவுகளும் பிரியும் இடம் ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வெவ்வேறு. அந்தக் கோடு பொருந்தாவிடில் மரக்கதவை அறுக்க வேண்டும். அறுத்தால் கைப்பிடி இடம் மாறும். பார்த்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே காரணத்தால் கழிந்தன.

இரண்டாவது, கதவின் இணைப்பு. இதில் இருவகை உண்டென்பதை அறுபது வயதுக்கு மேல் அறிந்தோம். ஒருவகையில் மரக்கதவைப் பெட்டியின் கதவோடு இறுகப் பிணைத்துவிடுவர். சுமை முழுதும் பெட்டியின் கீலே தாங்கும். மற்றவகையில் மரக்கதவு தன் கீல்களால் அலமாரியோடு தொங்கும். பெட்டியின் கதவோடு அதை ஒரு சறுக்குத் தண்டவாளம் மட்டுமே இணைக்கும். ஒன்றைத் திறந்தால் மற்றதும் உடன் திறக்கும். ஆனால் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நிற்காது. எங்களுடையது இந்த இரண்டாம் வகை. அதாவது, அந்த மரக்கதவும் பித்தளைக் கைப்பிடியும் ஒருநாளும் பெட்டிக்கு உரியனவாக இருந்ததே இல்லை. அவை அலமாரிக்கு உரியவை. அதே சறுக்கு வகையில் புதிய பெட்டி கிடைத்துவிட்டால், கைப்பிடியைக் கழற்றவே வேண்டியதில்லை. இது தெரிந்த அன்று, கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அன்னையாரிடம் கூறினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து எழுந்து அடுக்களைக்குள் சென்று, உப்புப் புட்டியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

மூன்றாவது முடிச்சு எங்கள் வீட்டுக்கே உரியது. பிரிகோடும் இணைப்பும் பொருந்திய ஒரு பெட்டி கடைசியில் கிடைத்தது. அதற்குக் குறைந்தது 177.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். எங்கள் பொந்தின் வலப்பின்மூலையில் இருந்தது 177.2. மூன்று மில்லிமீட்டர்!

பழைய அலமாரியைச் செய்த தச்சர், பல ஆண்டுகளுக்கு முன்பே பீகாரில் உள்ள தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய தம்பி இங்கே அதே தொழிலில் இருக்கிறார் என்று கேட்டறிந்து அழைத்து வந்தோம். அவர் கையால் தட்டிப் பார்த்தார். மேற்பலகை 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டுப்பலகை. அதை எடுத்துவிட்டு அதன் மேல்மட்டத்திலேயே 12 மில்லிமீட்டர்ப் பலகையைப் பொருத்தினால், அடியில் 6 மில்லிமீட்டர் கிடைக்கும் என்றார். அத்தோடு, காற்று வெளியேற 200 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத திறப்பு வேண்டும் என்று பெட்டியின் பொருத்து வரைபடம் கூறியதைப் படித்துக் காட்டினோம். அதற்கும் மேலே ஒரு கம்பிச் சாளரம் அறுத்துத் தந்தார்.

பழைய பெட்டியை வெளியே இழுத்த அன்று, பொந்தின் உட்பலகையில் பென்சிலால் எழுதிய எண்கள் தெரிந்தன. தம்பி அவற்றைக் கண்டதும் அது தம் அண்ணன் கையெழுத்து என்றார். அகலம், ஆழம், உயரம் என்று வரிசையாக எழுதியிருந்தவற்றின் கீழே, நாகரி எழுத்தில் ‘மாதாஜி’ என்ற சொல்லும், அதனருகே ஓர் எண்ணும், அம்புக்குறியும் இருந்தன. அந்த உயரத்தில் வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தோம், பித்தளைக் கைப்பிடி. 2007இல் அந்தத் தச்சர் அன்னையாரை நிற்கவைத்து, அவர் முழங்கை மடங்கும் உயரத்தை அளந்து கைப்பிடியைப் பொருத்தியிருக்கிறார். பதினேழு ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தும் நாங்கள் அதை அறிந்ததில்லை.

பழைய பெட்டியைத் தெருவில் வரும் கபாடிக்காரர் உடனே கேட்டார். கொடுக்கவில்லை. அதனுள் ஓடியது ஆர்-134ஏ என்னும் வாயு. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை ஏற்பட்டபின், பழைய வாயுக்களுக்கு மாற்றாகப் பரவியது அது. ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆயின் புவியைச் சூடேற்றுவதில் எடைக்கு எடை கரியமில வாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. எஞ்சியதையாவது முறைப்படி மீட்கட்டும் என்று, மின்னணுக் கழிவை எடுத்துக்கொள்ளும் உரிமம் பெற்றவரிடமே ஒப்படைத்தோம். புதியதில் இருப்பது ஐசோபியூட்டேன். நம் சமையல் எரிவாயுவின் உறவினர். எரியக்கூடியது, ஆனால் பெட்டி முழுவதற்கும் சில பத்துக் கிராம்களே போதும். புவிக்கு அதனால் விளையும் சூடு மிகக் குறைவு.

புதிய பெட்டி வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. ஜூன் 28ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் சஃப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தெருக்கள் ஆறாயின. காற்றில் ஈரம் ஏறியதும் எங்கள் மணற்பானை தன் ஆற்றலை இழந்தது. அன்றே தயிர் புளித்தது. அதற்குப் பதினொரு நாட்கள் கழித்துப் பெட்டி வந்து சேர்ந்தது.

காலையில் தொடங்கி மாலைக்குள் வேலை முடிந்தது. பொந்தில் பெட்டி அமர்ந்தது. சறுக்குத் தண்டவாளத்தை மட்டும் மாற்றினர். மரக்கதவு மூடியபோது, பழையதற்கும் புதியதற்கும் ஒரு மயிரிழை வேறுபாடும் வெளியே தெரியவில்லை. உள்ளே தட்டுகளையும் பழைய உயரங்களிலேயே வைத்தோம்: இரண்டாம் தட்டின் இடப்பக்கம் தயிர், கதவின் மேல்வரிசையில் சொட்டு மருந்து. முதல் தளத்து அம்மையாரிடமிருந்து குப்பியைக் கடைசி முறையாக வாங்கிவந்தோம். அன்னையார் வாயிற்படியிலிருந்து மூன்று அடி நடந்து கையை நீட்டினார். கைப்பிடி அகப்பட்டது. திறந்து, இரண்டாம் தட்டின் இடப்பக்கம் தடவிப் பார்த்து, "சரியா இருக்கு" என்றார். நாங்கள் அன்று வெற்றி பெற்றவர்களாகவே உறங்கினோம்.

விடியற்காலை நான்கரைக்கு ஏதோ தோன்ற எழுந்து வந்து பார்த்தபோது, கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையேயுள்ள நடையில் அன்னையார் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில் இருந்தது.

"என்னப்பா, பெட்டி ஓடுதா இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோமே."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பழைய பெட்டி எழுப்பிய முனகல் எங்கள் காதுக்குக் குறையாகவும் அவருக்கு வழியாகவும் இருந்திருக்கிறது. வாயிற்படிக்கு வந்தபின்தான் மூன்று அடிக் கணக்கு. வாயிற்படி எங்கே என்பதை அவருக்கு அந்த ஓசையே சொல்லி வந்திருக்கிறது. புதிய இயந்திரம் ஏறக்குறைய ஓசையே இல்லாமல் ஓடுவது. அதை ஒரு சிறப்பாகச் சொல்லியே கடைக்காரர் விற்றார். அகலம், ஆழம், உயரம், பிரிகோடு, கீல், மூன்று மில்லிமீட்டர் என்று அத்தனையையும் அளந்த நாங்கள், நாடாவுக்குள் அடங்காத ஒன்றை மறந்துபோனோம்.

அன்று முழுதும் நாங்கள் வழி தேடினோம். நடையில் கயிறு கட்டலாமா, சுவரில் கைப்பிடிக் கம்பி அடிக்கலாமா என்று பேசினோம். மாலையில் அன்னையார் தம் பழைய பெட்டகத்தைத் திறக்கச் சொன்னார். அதன் அடியில் துணியில் சுற்றி ஒரு டைம்பீஸ் இருந்தது. சாவி கொடுத்து ஓட்டுவது. எங்கள் பள்ளி நாட்களில் எங்களுள் ஒருவரை எழுப்பியது. அதை மேடையின் விளிம்பில், கைப்பிடியிலிருந்து ஒரு முழத்தில், தாமே கொண்டுபோய் வைத்தார். சாவியை முறுக்கினார். நடைக்குத் திரும்பி வந்து நின்று கேட்டார். பின்னர் நிமிர்ந்து நடந்து சென்று கையை நீட்டினார்.

எதையும் மாற்றாமல் காப்பது எங்கள் கடமை என்று ஐந்து வாரம் அலைந்தோம். அந்த அலைச்சல் வீணன்று. கைப்பிடி இடம் பெயர்ந்திருந்தால் அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ஆயினும் நாங்கள் காத்தது பெரும்பகுதியே. எஞ்சியதை அவரே செய்துகொண்டார். இனி ஓர் அடுக்களையைக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆண்டுகள் உண்டோ என்று அஞ்சினோமே, ஒரு புதிய ஓசையைக் கற்க அவருக்கு ஒரு மாலைப் பொழுது போதுமாயிருந்தது.

இவ்வாறு அலமாரிக்குள் பதித்த பெட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவே. பிரித்தெடு என்று சொல்பவரை நம்புமுன் அளவுநாடாவை விரியுங்கள். கதவு பெட்டிக்கு உரியதா, அலமாரிக்கு உரியதா என்று பாருங்கள். காற்றுக்கு வழி விடுங்கள். சங்கத்தின் ஆண்டு மலர்களை இப்போது நாங்கள் கூடத்துப் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறோம். இம்மலரும் அங்கேதான் செல்லும்.

இரவு ஒன்பது மணிக்குச் சொட்டு விட்டபின், அன்னையார் அடுக்களைக்குச் சென்று டைம்பீஸுக்குச் சாவி கொடுக்கிறார். பன்னிரண்டு முறுக்கு. அதை எங்களைச் செய்ய விடுவதில்லை. விடியற்காலையில் அந்த டிக் டிக் ஓசையின் ஊடே டிக்காக்ஷன் சொட்டும் ஒலி கேட்கும்போது, நாங்கள் இன்னும் சற்று நேரம் உறங்குகிறோம்.